எந்த நாளுக்குத் திரும்புவது? ஒரு ஸ்டாண்டர்டு 20 வேனை முன்வைத்து

பழைய கார்களைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். பழைய டெலிவரி வேனைப் பற்றி எழுத ஆள் குறைவு. காரணம் எளிது. கார் வீட்டுச் சொத்து. வயசானாலும் ஷெட்டில் நிற்கும், யாராவது ஒருத்தர் துணி போட்டு மூடி வைப்பார். வேன் கடைச் சொத்து. ஓடுகிற வரை ஓட்டுவார்கள், ஓடாத அன்றைக்கு எடைக்குப் போட்டுவிடுவார்கள். தெருத்தெருவாகச் சரக்கு இறக்கிய ஆயிரக்கணக்கான வண்டிகளில் இன்றைக்கு மிஞ்சியிருப்பவை சொற்பம்.

அப்படி மிஞ்சிய ஒன்று சாத்தூர் பக்கத்து ஊர் ஒன்றில், என் நண்பர் வீட்டுக் கொட்டகையில் நிற்கிறது. அவர் குடும்பம் மூன்று தலைமுறையாகக் கலர் கம்பெனி நடத்தியது. (தெற்கே கலர் என்றால் பாட்டிலில் அடைத்த குளிர்பானம்.) வண்டி 1973-ல் பதிவான ஸ்டாண்டர்டு 20. அதைச் சீரமைக்க வேண்டும் என்று நண்பருக்கு ஆசை. பெருநகர ஒர்க்‌ஷாப் ஒன்றில் மதிப்பீடும் வாங்கிவிட்டார். தகரம் தெரிகிற வரை மணல் வீசிச் சுரண்டி, இரட்டை நிறத்தில் புதுப் பெயின்ட் அடித்து, ‘கம்பெனியில இருந்து வந்த அன்னிக்கு எப்படி இருந்துச்சோ அப்படியே’ தருவார்களாம். அவருடைய அண்ணனோ, இத்தனை செலவு எதுக்கு, எடைக்குப் போடுப்பா என்கிறார். இரண்டுக்கும் நடுவே வேறு வழி இருக்கிறதா என்று யோசித்துத் திட்டம் ஒன்று எழுதித் தரும்படி என்னைக் கேட்டார். அதற்காகச் சேர்த்த குறிப்புகள்தான் இவை.

கோவென்ட்ரியில் இருந்து வண்டலூருக்கு

முதலில் இது எந்த ஊர் வண்டி என்று பார்த்துவிடுவோம். இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் 1903-ல் ரெஜினால்ட் மாட்ஸ்லே தொடங்கியது ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி. இரண்டாம் உலகப் போர் முடிகிற சமயத்தில் நொடித்துப்போயிருந்த டிரையம்ப் கம்பெனியையும் அது வாங்கிக்கொண்டது. 1958-ல் ‘அட்லஸ்’ என்ற பெயரில் ஒரு சிறு வேனைக் கொண்டுவந்தார்கள். மூக்கு நீளாத முகம், டிரைவருக்கும் பக்கத்து சீட்டுக்கும் நடுவே மூடிபோட்ட என்ஜின், பின்னால் முழுக்கச் சரக்குக்கு இடம். அமைப்பெல்லாம் சரிதான். ஆனால் சிறிய காருக்குச் செய்த 948 சிசி என்ஜினை இதில் மாட்டியதால், பாரம் ஏற்றினால் வண்டி திணறியது. சில வருஷம் கழித்துப் பெரிய என்ஜின் வந்தது. அதற்குள் கம்பெனியே லேலண்ட் கைக்குப் போய்விட்டது. வேனும் லேலண்ட் 15, லேலண்ட் 20 என்று பெயர் மாறியது.

இந்த 15, 20 என்ன கணக்கு? ஹண்ட்ரட்வெயிட் என்கிற ஆங்கிலேய எடைக் கணக்கு. இலங்கைத் தமிழில் அந்தர் என்பார்கள். ஓர் அந்தர் 112 பவுண்டு, 20 அந்தர் ஒரு டன். 20 என்றால் ஒரு டன் சுமக்கும் வண்டி என்று அர்த்தம். நம் நாடு 1956-லேயே மெட்ரிக் முறைக்குச் சட்டம் போட்டுவிட்டது. இந்த வண்டி மட்டும் பழைய எடையை நெற்றியில் சுமந்துகொண்டு கடைசி வரை ஓடியது.

இந்தப் பக்கத்துக் கதை 1948-ல் தொடங்குகிறது. சென்னையின் யூனியன் கம்பெனி மோட்டார்ஸும் கோவென்ட்ரி கம்பெனியும் சேர்ந்து ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்ற நிறுவனத்தை ஆரம்பித்தன. தொழிற்சாலை வண்டலூர், பெருங்களத்தூர் பக்கம். வெறுமனே பெட்டி பிரித்துப் பூட்டுகிற வேலை போதாது, பாகங்களையும் இங்கேயே செய்ய வேண்டும் என்று 1953-ல் மத்திய அரசு கறாராகச் சொன்னபோது, ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் கடையைக் கட்டின. தங்கிய சிலரில் ஸ்டாண்டர்டும் ஒன்று. வான்கார்டு, பிறகு ஹெரால்டு, பிறகு கெஸல் என்று கார்கள் வந்தன. 1968-ல் இங்கிலாந்தில் வேன் உற்பத்தி நின்றபோது அதன் அச்சுகளும் கருவிகளும் சென்னைக்கு வந்தன. இங்கே அதற்கு வைத்த பெயர்தான் ஸ்டாண்டர்டு 20.

பெயர் விஷயத்தில் ஒன்று கவனிக்கத்தக்கது. பிரிட்டனில் 1963-க்குப் பிறகு ஸ்டாண்டர்டு என்ற பெயரில் எந்த வண்டியும் வரவில்லை. ஒரு காலத்தில் அந்தச் சொல்லுக்கு உயர்ந்த தரம் என்று பொருள். கார்க் கம்பெனிகள் ‘டீலக்ஸ்’ என்று தனி ரகம் விற்க ஆரம்பித்ததும், ஸ்டாண்டர்டு என்றால் வசதி குறைந்த மட்ட ரகம் என்றாகிவிட்டது. நம்மூரில் அந்தச் சறுக்கல் நடக்கவேயில்லை. சிவகாசிப் பட்டாசுப் பெட்டியில் இருந்து ‘ஸ்டாண்டர்டான சரக்கு’ என்று கடைக்காரர் சொல்வது வரை அது பெருமைச் சொல்லாகவே இருந்தது. அதனால் கோவென்ட்ரியில் செத்த பெயர் சென்னையில் இன்னும் கால் நூற்றாண்டு உயிரோடிருந்தது. நண்பரின் வேனை அட்லஸ் வேனின் நகல் என்று நினைத்து இங்கிலாந்துப் படங்களைப் பார்த்துச் சரிசெய்யக் கூடாது என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். இது இங்கே வேறு வாழ்க்கை வாழ்ந்த வண்டி.

என்ஜினுக்கு ஒரு வம்சாவளி

ஸ்டாண்டர்டு கம்பெனியின் நான்கு சிலிண்டர் என்ஜினுக்குத் தனி சரித்திரம் உண்டு. போர்க்காலத்தில் விமான என்ஜின் செய்த பேனர் லேன் தொழிற்சாலையில், 1946 முதல் ஹாரி ஃபெர்குசனின் டிராக்டரைச் செய்துகொடுத்தது ஸ்டாண்டர்டு. பத்து வருஷத்தில் ஐந்து லட்சத்துக்கும் மேல் ஓடிவந்த அந்தச் சாம்பல் நிற டிராக்டருக்கும், வான்கார்டு காருக்கும் ஒரே குடும்பத்து என்ஜின். அதையே கொஞ்சம் முறுக்கேற்றி 1953-ல் டிரையம்ப் டிஆர்2 என்ற ஸ்போர்ட்ஸ் காரில் வைத்தார்கள். பின்னால் வந்த டிஆர்4-ன் 2138 சிசி என்ஜினும், பெரிய என்ஜின் வேனில் வந்ததும் ஒரே அளவு. வயலில் உழுததும், பந்தயத்தில் பறந்ததும், கலர் பெட்டி சுமந்ததும் பங்காளிகள்.

சீரமைப்புத் திட்டத்துக்கு இந்த உறவு ரொம்ப முக்கியம். இந்த என்ஜினில் சிலிண்டர் என்பது பிளாக்கிலேயே குடைந்தது அல்ல. தனியாகக் கழற்றக்கூடிய லைனர், அதைச் சுற்றி நேராகத் தண்ணீர். தேய்ந்தால் லைனரையும் பிஸ்டனையும் ஜோடியாக மாற்றிவிடலாம். லைனரின் அடியில் எட்டு வடிவத்தில் ஒரு மெல்லிய கேஸ்கட் உண்டு. வருஷக்கணக்கில் நின்ற வண்டியில் அங்கேதான் துரு ஏறி, தண்ணீர் ஆயிலில் இறங்கும். டிராக்டர் பிரியர்களும் டிஆர் கார் பிரியர்களும் உலகம் முழுக்க இருப்பதால் இந்தச் சாமான்கள் இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன. 1985-ல் ரோவர் உடம்போடு வந்த ஸ்டாண்டர்டு 2000 காருக்குள்ளும் இந்தப் பழைய பரம்பரையின் என்ஜினைத்தான் வைத்தார்கள். அந்தக் கார் விலைபோகாமல் தொழிற்சாலை மூடப்பட்ட பிறகு, தேங்கிக் கிடந்த ரோவர் பாகங்களை இங்கிலாந்து உதிரிபாக வியாபாரி மொத்தமாக வாங்கிக் கப்பலேற்றிக்கொண்டு போனார். சென்னையில் அடித்த தகரத்தால் இங்கிலாந்தில் பழைய கார்கள் பிழைத்தன.

ஆனால் நண்பரின் வேனில் இப்போது இருப்பது அந்த என்ஜின் அல்ல! 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியதும் பெட்ரோல் விலை எகிறியது. பெட்ரோல் வேன் வைத்திருந்த சிறு வியாபாரி எல்லோருக்கும் அடி. பக்கத்தில் மெட்டடார் டீசலில் ஓடிக்கொண்டிருந்தது. சில வருஷம் தாக்குப்பிடித்த பிறகு நண்பரின் அப்பா வேனுக்கு டீசல் என்ஜின் மாற்றினார். இறக்கிய பெட்ரோல் என்ஜின் கொஞ்ச காலம் கிணற்றுப் பம்பு ஓட்டிவிட்டு, கடைசியில் எடைக்குப் போனதாம்.

பெயின்ட்டுக்குள் இருக்கும் வருஷங்கள்

வண்டியின் இடது பக்கக் கதவோரம் பெயின்ட் உரிந்திருக்கிறது. அங்கே மூன்று அடுக்கு தெரிகிறது. தகரத்தை ஒட்டி, தொழிற்சாலை அடித்த வெளிர் சாம்பல். அதன்மேல் மஞ்சள், அதில் சிவப்பு எழுத்து. அதற்கும் மேல் பச்சை, அதில் வெள்ளை எழுத்து.

மஞ்சள் அடுக்கில் நண்பரின் தாத்தா பெயரும், ‘சோடா கலர் தொழிற்சாலை’ என்ற சொற்களும் பாதி தெரிகின்றன. தொழிற்சாலையில் உள்ள ‘லை’ தும்பிக்கை தூக்கிய பழைய ‘லை’. 1978 அக்டோபரில் எம்.ஜி.ஆர். அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை போட்டது. அதன் பிறகுதான் இப்போது நாம் எழுதும் லை, ணை, னை பொதுவானவை ஆயின. ஆனால் ஆர்ட்டிஸ்ட்டுகள் கை ஓர் ஆணையால் மறுநாளே மாறிவிடாது, பழைய எழுத்தை 80-களிலும் எழுதியவர்கள் உண்டு. அதனால் தும்பிக்கை ‘லை’ ஒரு சாட்சி, அவ்வளவுதான். தீர்ப்பு அல்ல. அதே அடுக்கில் போன் நம்பர் இரண்டே இலக்கம்.

பச்சை அடுக்கில் அப்பாவின் பெயர், புது ‘லை’, முகவரியில் ஆறு இலக்க பின்கோடு. பின்கோடு 1972 ஆகஸ்ட் 15-ல் வந்தது. இருந்தால் அதற்குப் பிந்தியது என்று அடித்துச் சொல்லலாம். இல்லாததை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. இந்தப் பச்சை அடுக்குக்குப் பின்னால் பெரிய கதை இருக்கிறது. 1977-ல் கோகோ கோலா இந்தியாவை விட்டு வெளியேறியது. அந்த வெற்றிடத்தில் எத்தனையோ உள்ளூர்க் கலர் கம்பெனிகள் தழைத்தன. இந்தக் குடும்பத்துக்கும் அதுதான் பொற்காலம். சுற்றுவட்டக் கல்யாணம், கோயில் கொடை எதுவானாலும் இவர்கள் பெட்டிதான். 1993-ல் கோலா திரும்பி வந்தது. சில வருஷத்தில் கம்பெனி சுருங்கி, மூடியாயிற்று. பச்சை வேன் அந்த இடைப்பட்ட காலத்தின் வண்டி.

வேனை ஓட்டிய பெரியவர் இருக்கிறார். எண்பதைத் தாண்டியவர். மெட்ராஸில் டெலிவரி எடுத்துக்கொண்டு வந்ததும் அவர்தான். ‘சாம்பக் கலர்ல யாரு பாத்தா தம்பி? வந்து சேந்த அன்னிக்கே ஆர்ட்டிஸ்ட் வீட்டு வாசல்லதான் விட்டேன். எழுதி முடிச்சப்புறம்தான் முதல் லோடே ஏத்துனது’ என்றார்.

இந்த ஒரு வாக்கியம் ஒர்க்‌ஷாப் மதிப்பீட்டை அடியோடு ஆட்டிவிடுகிறது. கம்பெனியில் இருந்து வந்த அன்றைய நிலைக்குத் திருப்பினால் நமக்குக் கிடைப்பது, எழுத்தில்லாத, மரத்தட்டு இல்லாத, யாருடையதும் அல்லாத ஒரு சாம்பல் டப்பா. அந்த நிலையில் இந்த வண்டி இருந்தது ஒரு வாரம்கூட இல்லை. காருக்குத் தொழிற்சாலை வாசலே தொடக்கம் என்று வைத்துக்கொள்ளலாம். டெலிவரி வேன் ஆர்ட்டிஸ்ட் வீட்டு வாசலில்தான் டெலிவரி வேன் ஆகிறது. பிறகு தச்சர் தட்டு அடிக்கிறார், வெல்டர் கம்பி வைக்கிறார், மெக்கானிக் என்ஜின் மாற்றுகிறார். உழைக்க உழைக்கத்தான் அது உருவாகிறது. அதற்கு ‘ஒரிஜினல்’ என்று ஒரு நாள் கிடையாது.

பெரிய கோயில் சொல்லும் வழி

அப்படியானால் எந்த அடுக்கை வைத்துக்கொள்வது? நண்பருக்கு மஞ்சள் பிடிக்கிறது, தாத்தா பெயர் அது. டிரைவர் பெரியவருக்குப் பச்சை. அவர் உழைத்து நிமிர்ந்த காலம் அது. பச்சையைச் சுரண்டினால்தான் மஞ்சள் முழுசாகத் தெரியும்.

தஞ்சைப் பெரிய கோயிலில் இதே சிக்கல் வந்தது. கருவறையைச் சுற்றிய உள்பாதையில் நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பதை 1931-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.கே.கோவிந்தசாமி கண்டுபிடித்தார். சோழர் ஓவியம் அபூர்வம்தான். அதற்காக நாயக்கர் ஓவியத்தைச் சுரண்டிக் குப்பையில் போட முடியுமா? தொல்லியல் துறை பின்னாளில் மேலடுக்கைக் காரையோடு பெயர்த்தெடுத்து, தனிப் பலகைகளில் பொருத்திக் காப்பாற்றியது. இரண்டும் பிழைத்தன. எதிர்மறையான உதாரணமும் நம்மிடம் உண்டு. திருப்பணி என்ற பெயரில் எத்தனை கோயில் சுவர்களில் மணல் வீசி, கல்வெட்டு எழுத்து மழுங்கிப்போனது என்பது இந்தக் குறிப்புகளைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும். வேனுக்கு வந்த மதிப்பீட்டிலும் முதல் வரி மணல்வீச்சுதான்.

1964 வெனிஸ் சாசனம் இதைக் கொள்கையாகவே சொல்கிறது. ஒரு கட்டடத்தில் எல்லாக் காலத்தவர் பங்களிப்புக்கும் மரியாதை தர வேண்டும், ஒரே பாணிக்குக் கொண்டுவருவது சீரமைப்பின் நோக்கம் ஆகாது. பழைய வண்டிகளுக்கான பன்னாட்டு அமைப்பான ஃபிவா 2012-ல் ஏற்ற டூரின் சாசனமும் அதே தடத்தில் வந்ததுதான். உழைத்த காலத்தில் வண்டியில் நேர்ந்த மாற்றங்களும் அதன் வரலாறே, புதிதாகப் போடுகிற பாகம் புதிது என்று தெரிய வேண்டும், செய்தது எல்லாம் பதிவாக வேண்டும் என்பது அதன் சாரம்.

வேன் பெயின்ட்டைப் பெரிய கோயில் ஓவியம் போலப் பெயர்த்தெடுக்க முடியாது. அதனால் என் யோசனை: பச்சை அப்படியே இருக்கட்டும். ஏற்கெனவே உரிந்த கதவோரத்தை மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு ஒழுங்குபடுத்தி, மூன்று அடுக்கும் தெரிகிற சன்னலாக விடுவோம். மஞ்சள் அடுக்கைப் புகைப்படம், அளவு எல்லாம் எடுத்து, அதே அளவில் தனித் தகரத்தில் கையால் எழுதச் சொல்லி, கொட்டகைச் சுவரில் மாட்டுவோம். தாத்தாவும் இருப்பார், அப்பாவும் இருப்பார். ஃப்ளெக்ஸ் வந்து ஆர்ட்டிஸ்ட்டுகள் தொழிலை விட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில், அவர்களில் ஒருவர் கையெழுத்து கலையாமல் நிற்பதும் சின்ன விஷயமல்ல.

சட்டம் எங்கே இடிக்கிறது

2021 ஜூலையில் மத்திய அரசு விண்டேஜ் வண்டிகளுக்குத் தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவில் இருந்து 50 வருஷம் தாண்டியிருக்க வேண்டும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும், ‘விஏ’ எழுத்து கொண்ட தனி நம்பர் கிடைக்கும். இதுவரை சந்தோஷம். ஆனால் சேஸி, பாடி, என்ஜினில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது, வணிகத்துக்கு ஓட்டக் கூடாது. சொந்த உபயோகக் காரையும் பைக்கையும் மனசில் வைத்து எழுதிய விதி இது. பிழைப்புக்காக என்ஜின் மாற்றிய சரக்கு வேனை அதற்குள் நுழைப்பது கஷ்டம்.

இங்கேதான் நண்பர் உண்மையாகவே ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. பெட்ரோல் என்ஜின் தேடிப் பிடித்து மாட்டினால், தனி நம்பருக்கு முயற்சியாவது செய்து பார்க்கலாம். டீசலை வைத்துக்கொண்டால் வரலாறு நேர்மையாக இருக்கும், வண்டி அநேகமாகக் கொட்டகை வளாகத்தைத் தாண்டாது. பெரியவர் இன்னொரு முறை ரோட்டில் ஓட்டிப் பார்க்க ஆசைப்படுகிறார் என்பதும் எனக்குத் தெரியும். இதில் நான் தீர்ப்பு சொல்லவில்லை. என்ஜின் உட்காரும் பழைய தாங்கிகளை டீசல் மாற்றும்போது அறுத்தார்களா, அப்படியே விட்டார்களா என்று முதலில் பார்க்கச் சொன்னேன். அப்படியே இருந்தால், எந்த முடிவு எடுத்தாலும் பின்னால் திருப்பிக்கொள்ளலாம். அறுத்திருந்தால், அறுத்ததும் வண்டியின் கதைதான். டீசலோடே இருக்கட்டும் என்பேன்.

வேலை வரிசை

நண்பருக்கு எழுதிக் கொடுத்தது இவ்வளவுதான்:

1. கழுவாதீர்கள். தூசியோடு உள்ளும் புறமும் படம் எடுங்கள். தட்டுக்கு அடியில் கிடக்கிற மூடி, பில், சாக்குக் கயிறு எதையும் எறியாதீர்கள்.

2. சேஸி நம்பர், என்ஜின் நம்பர் மேல் தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுங்கள். ஆர்சி புத்தகத்தோடு ஒப்பிடுங்கள்.

3. பெரியவரை உட்காரவைத்துப் பேசிப் பதிவு செய்யுங்கள். எந்த ஊருக்கு எந்தக் கிழமை லோடு, எங்கே டயர் வெடிக்கும், எந்த ஏற்றத்தில் மூச்சு வாங்கும் எல்லாம். மற்ற வேலை காத்திருக்கும், இது காத்திருக்காது.

4. சேஸியைச் சிறு சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கணீர் என்றால் நல்லது, சொத சொத என்றால் அந்த இடத்தைச் சாக்பீஸால் குறியுங்கள். அறுத்துப் புதுத் தகரம் வைக்கிற இடத்தில் உள்பக்கமாக வருஷத்தைப் பொறித்து வையுங்கள்.

5. என்ஜினை எழுப்பும் முன் பிரேக். ரப்பர், குழாய் எல்லாம் புதிது போடுங்கள், இதில் பழமைப் பற்று வேண்டாம். பிறகு டீசல் டாங்கைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள்.

6. பெயின்ட்டில் கை வைக்கிற இடத்தில் ஈரம் வைத்துத்தான் தேய்க்க வேண்டும். பழைய எனாமலில் ஈயம் இருக்கும், தூசி மூக்கில் ஏறக் கூடாது.

7. மரத்தட்டில் உளுத்த பலகையை மட்டும் மாற்றுங்கள். பாட்டில் பெட்டி உரசி உரசி விழுந்த பள்ளம் இருக்கிற பலகை அப்படியே இருக்கட்டும்.

மணல்வீச்சை ரத்து செய்துவிட்டதாக நண்பர் சொன்னார். எடைக்குப் போடுகிற பேச்சை அண்ணனும் இப்போதைக்கு எடுப்பதில்லை. மூன்றாவது வேலை மட்டும் தொடங்கியிருக்கிறது. இதுவரை நாலு மணி நேரப் பேச்சு பதிவாகியிருக்கிறது. கோவில்பட்டி லைன் முடிந்து, இப்போது அருப்புக்கோட்டை லைனுக்கு வந்திருக்கிறார்.